கப்பலில் ஒரு செமஸ்டர்: செட்டிநாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முதல் படிவத்திலிருந்து முதல் துறைமுகம் வரை

கல்லூரி மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டரை நான் கப்பலில் படித்தேன். ஊர் திரும்பிய பிறகு காரைக்குடி, தேவகோட்டை, ராயவரம் பக்கத்துப் பிள்ளைகள் ஆறு பேருக்கு விண்ணப்பம் தொடங்கி விமான நிலையம் வரை கூட இருந்து உதவியிருக்கிறேன். அதில் ஐந்து பேர் கப்பல் ஏறினார்கள். ஏறாமல் போனவருக்குப் படிப்பிலும் குறையில்லை, பணத்திலும் குறையில்லை. வேலைகளைச் செய்த வரிசைதான் தப்பிவிட்டது. அதனால் இந்த வழிகாட்டியில் எதை எப்போது செய்வது, ஏன் அந்த வரிசை என்பதையே அதிகம் சொல்கிறேன்.

நான் மனதில் வைத்துச் சொல்வது ‘செமஸ்டர் அட் சீ’ என்ற திட்டத்தை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கும் ‘இன்ஸ்டிட்யூட் ஃபார் ஷிப்போர்டு எஜுகேஷன்’ என்ற லாப நோக்கமற்ற நிறுவனம் இதை நடத்துகிறது. கப்பலின் பெயர் ‘வேர்ல்டு ஒடிசி’. பயணம் நூறு நாளுக்குச் சற்று மேல், ஏறக்குறைய பத்து நாடுகள். கடலில் இருக்கும் நாட்களில் வகுப்பு, துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் கப்பலில் வகுப்பு இல்லை. வேறு கப்பல் படிப்பாக இருந்தாலும் கீழே உள்ள வேலைகளில் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும்.

ஒரு புதுச் சிட்டை (குறிப்பேடு) வாங்கிக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் கல்யாணச் சாமானுக்குச் சிட்டை எழுதுவது மாதிரி, ஒவ்வொரு தாளும் எந்தத் தேதியில் யாரிடம் போனது, எப்போது திரும்பி வரும் என்று அதில் எழுதுங்கள். முதல் பக்கத்தில் கப்பல் புறப்படும் தேதி இருக்கட்டும். மற்ற எல்லாத் தேதியையும் அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஒரு வருடம் கையில் இருந்தால் நிம்மதி. ஒன்பது மாதம் இருந்தால் போதும். ஆறு மாதத்துக்குக் குறைந்தால் அடுத்த பயணத்துக்குப் போங்கள்.

1. கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள்

எல்லோரும் முதலில் விண்ணப்பப் படிவத்தைத் திறக்கிறார்கள். முதலில் திறக்க வேண்டியது உங்கள் துறைத் தலைவர் அறைக் கதவு.

கப்பலில் படிக்கும் பாடங்களுக்கான கிரெடிட்டை ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் தரும். அதை உங்கள் கல்லூரி ஏற்குமா என்பதுதான் கேள்வி. அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற இடங்களில் பட்டம் படிக்கிறவர்களுக்கு இது பெரும்பாலும் எளிது. நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களின் கீழ் படிக்கிறவர்களுக்கு அப்படி இல்லை. பல இடங்களில் அந்த செமஸ்டரை ‘படிப்பு இடைநிறுத்தம்’ என்றுதான் பதிவார்கள். திரும்பி வந்து ஜூனியர் செட்டோடு சேர வேண்டியிருக்கும்.

அது தெரிந்தே போவது ஒரு முடிவு. தெரியாமல் போய், வருகைப் பதிவு குறைந்து, தேர்வு எழுத முடியாமல் நிற்பது வேறு. “பார்த்துக்கலாம்ப்பா, போயிட்டு வா” என்று பேராசிரியர் வாயால் சொன்னதை நம்பிப் போன ஒரு தம்பிக்கு, திரும்பி வந்தபோது அந்தப் பேராசிரியர் அங்கே இல்லை. கடிதத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு, அந்த செமஸ்டருக்கு இங்கே கட்டணம் உண்டா, திரும்பி வந்தால் எந்த செமஸ்டரில் சேர்வீர்கள். முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள்.

அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிக்கிறவர்கள் உங்கள் பல்கலையின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் இன்னொன்றையும் கேளுங்கள். கப்பல் பயணமும் அதற்கு முன்பின் விடுமுறையும் சேர்ந்து ஐந்து மாதத்துக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருக்க நேர்ந்தால் மாணவர் பதிவு என்ன ஆகும் என்பதே அந்தக் கேள்வி. கிளம்பும் முன் கேட்டால் வழி சொல்வார்கள்.

2. பாஸ்போர்ட்: பெயர், முகவரி, பக்கம்

இந்த மூன்றிலும் செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே தனிச் சிக்கல் உண்டு.

பெயர். நம்மில் பலருக்கு இரண்டு மூன்று இனிஷியல், சிலருக்கு வீட்டு விலாசமே இனிஷியலாக நிற்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். அப்போது ‘குடும்பப் பெயர்’ கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். இது வேண்டாம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பெயர் தெரியாது’ என்று பொருள்படும் ‘எஃப்என்யு’ என்ற மூன்று எழுத்தைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் விமான டிக்கெட், கப்பல் பதிவு, தடுப்பூசிச் சான்று எல்லாவற்றிலும் பெயர் வேறு வேறாக வரும். வள்ளியம்மையின் தகப்பனார் லெட்சுமணன் என்றால், பெயர் வள்ளியம்மை, குடும்பப் பெயர் லெட்சுமணன். அவ்வளவுதான். இதே எழுத்துக்கூட்டலை எல்லாப் படிவத்திலும் வையுங்கள். லட்சுமணனா லெட்சுமணனா என்ற ஓர் எழுத்து வித்தியாசத்துக்காக ஒரு பெண் இரண்டு முறை சென்னை போய் வந்தாள்.

முகவரி. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பெரிய வீடு இருக்கும், ஆதாரிலும் அந்த முகவரிதான் இருக்கும், ஆனால் குடும்பம் சென்னையிலோ மதுரையிலோ குடியிருக்கும். போலீஸ் விசாரணைக்கு வருகிறவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, ‘இந்த முகவரியில் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவார். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் உங்களுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. நீங்கள் உண்மையில் குடியிருக்கும் முகவரியிலேயே விண்ணப்பியுங்கள். ஆதாரை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த அலுவலகம் என்பதையும் கவனியுங்கள். செட்டிநாடு என்று நாம் ஒரே ஊராகச் சொன்னாலும் சிவகங்கை மாவட்டத்து ஊர்கள் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழும், புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் ராயவரம், அரிமளம், ராமச்சந்திரபுரம் போன்றவை திருச்சியின் கீழும் வருகின்றன.

பக்கம். சாதாரணப் புத்தகத்தில் 36 பக்கம், கட்டணம் 1,500 ரூபாய். 60 பக்கப் புத்தகம் 2,000 ரூபாய். 60 பக்கமே வாங்குங்கள். ஒட்டும் விசா ஒவ்வொன்றும் ஒரு முழுப் பக்கத்தைப் பிடிக்கும், அது போக ஒவ்வொரு துறைமுகத்திலும் முத்திரை. ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு நடுவழியில் பக்கம் தீர்ந்தால் கடலில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பயணம் முடியும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் பாஸ்போர்ட் செல்ல வேண்டும். குறைவாக இருந்தால் இப்போதே புதுப்பியுங்கள். விசாவோ தடுப்பூசியோ வாங்கிய பின் புதுப்பித்தால் எண் மாறி, பலவற்றைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். பாஸ்போர்ட் முதலில் என்பதற்குக் காரணம் இதுதான்.

3. விண்ணப்பம்

இது சுலபமான பகுதி. மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்ட், ஒரு கட்டுரை, கல்லூரி ஒப்புதல். நம் பல்கலைக்கழகங்களில் டிரான்ஸ்கிரிப்ட் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், அதனால் அதற்கு மட்டும் முதல் நாளே எழுதிப் போடுங்கள். உதவித்தொகை வேண்டுமென்றால் சேர்க்கை விண்ணப்பத்தோடு சேர்த்தே கேளுங்கள். இடம் கிடைத்த பின் கேட்கலாம் என்று இருந்தால் பணம் பங்கு போய் முடிந்திருக்கும்.

கேபின் தேர்வு ஒன்று வரும். கடல் ஒத்துக்கொள்ளுமா என்று பயமிருந்தால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டம் குறைவாக இருக்கும் இடம் அதுதான். ஜன்னல் இல்லாத உள் கேபின் விலை குறைவு. தூங்க மட்டும்தான் அங்கே போவீர்கள்.

4. பணம்

கேபினைப் பொறுத்துக் கட்டணம் 25,000 டாலருக்கு மேல் வரும். அதில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு அடக்கம். விமான டிக்கெட், விசா, தடுப்பூசி, புத்தகம், துறைமுகங்களில் சுற்றுவது எல்லாம் வெளியே. இந்த வெளிச்செலவை மறந்துவிட்டுத்தான் பலரும் கணக்குப் போடுகிறார்கள்.

கல்விக் கடன் வாங்க நினைத்தால் பூர்வீக வீட்டை நம்பாதீர்கள். வளவு வைத்த வீடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொது. எல்லோரும் கையெழுத்துப் போடாமல் வங்கி அதை ஈடாக எடுக்காது, ஒருவர் மலேசியாவில், ஒருவர் பெங்களூரில் இருப்பார். தனிப் பெயரில் உள்ள மனை, வைப்புத்தொகை, நகை இதில் எது உண்டு என்று முதலிலேயே பாருங்கள். ஒரே ஒரு செமஸ்டருக்குக் கடன் கேட்டால் மேலாளர் தயங்குவார். முதல் படியில் வாங்கிய கல்லூரிக் கடிதம் அங்கே உதவும்.

பணம் அனுப்பும்போது வங்கியில் ஏ2 படிவம் நிரப்புவீர்கள். அதில் நோக்கம் ‘கல்வி’ என்று இருக்க வேண்டும். கப்பல், பல நாடுகள் என்று பார்த்ததும் வங்கி ஊழியர் சுற்றுலாத் தொகுப்பு என்று பதியப் போவார். சுற்றுலா என்றால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். கல்வி என்றால் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு மட்டும்தான். வங்கிக் கல்விக் கடனிலிருந்து நேராகப் போகும் பணத்துக்கு அதுவும் இல்லை. சேர்க்கைக் கடிதத்தையும் கட்டண விவரத்தையும் கையோடு கொண்டுபோங்கள். பிடித்த தொகையை வருமான வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் அதுவரை அது உங்கள் கையில் இருக்காது.

இன்னொன்று. நகைக்கடன் வாங்கி மொத்தமாக ஐந்து லட்சத்தைக் கணக்கில் போட்டுவிட்டு, மறுவாரமே அந்த ஸ்டேட்மென்டை விசாவுக்குக் கொடுக்காதீர்கள். திடீரென்று வந்த பணம் விசா அதிகாரியின் கண்ணில் உறுத்தும். ஆறு மாத ஓட்டம் சீராகத் தெரிய வேண்டும். வேறு வழியில்லை என்றால் நகைக்கடன் ரசீதையும் இணைத்து, பணம் எங்கிருந்து வந்தது என்று கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

5. விசா: வரிசைதான் எல்லாம்

அதிகம் பேர் இடறுவது இங்கேதான். பொறுமையாகப் படியுங்கள்.

திட்டத்தின் விசா குறிப்புகள் பெரும்பாலும் அமெரிக்க பாஸ்போர்ட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. உங்கள் கேபின் தோழிக்கு மொராக்கோ, தென்னாப்பிரிக்கா, ஜப்பான் மூன்றுக்கும் விசா தேவையில்லை. உங்களுக்கு மூன்றுக்கும் தேவை. மொரீஷியஸ் மாதிரி நமக்கு விசா வேண்டாத நாடுகளும் உண்டு. அவர்களுடைய பட்டியலைப் பார்த்து ‘நான்கு விசாதான்’ என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு நாட்டுத் தூதரகத்தின் பக்கத்திலும் இந்தியருக்கு என்ன விதி என்று நீங்களே பார்த்து எழுதுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். விண்ணப்பிக்கும் வாரத்தில் இன்னொரு முறை பாருங்கள்.

சிட்டையில் ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் வரும் தேதி, போகும் தேதி, விசா ஒட்டுவதா இணையத்தில் வருவதா, பாஸ்போர்ட்டைக் கையிலிருந்து கொடுக்க வேண்டுமா, எத்தனை நாளில் திரும்பும், விசா கொடுத்த நாளிலிருந்து எத்தனை நாள் செல்லும், எத்தனை முறை நுழையலாம். இதில் கடைசி இரண்டையும் எழுதாமல் விடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பாஸ்போர்ட் ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு தூதரகத்தில்தான் அது இருக்க முடியும். போக முடியாமல் போன அந்தத் தம்பி, விரைவில் கிடைக்கும் என்று நினைத்து ஒரு சின்ன விசாவுக்கு முதலில் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். அது ஐந்து வாரம் திரும்பவில்லை. ஐரோப்பிய விசாவுக்குப் பதிவு செய்திருந்த நாள் கடந்துபோனது. மறுபடி பதிவுக்கு நாள் கிடைத்தபோது கப்பலுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அவருடைய அப்பச்சி (அப்பா) என் எதிரில் உட்கார்ந்து, “நாங்க என்னத்தா தப்புப் பண்ணினோம்?” என்று கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை.

நான் இப்போது எல்லோருக்கும் சொல்லும் வரிசை இது. முதலில் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதாலும், பதிவுக்கு நாள் கிடைப்பது கஷ்டம் என்பதாலும் அதை முதலில் முடியுங்கள். அடுத்து, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒட்டித் தரும் மற்ற நாடுகள், எது தாமதமாகுமோ அது முன்னால். இணைய விசாக்கள் கடைசி, ஏனென்றால் அதற்குப் பாஸ்போர்ட் கையில் இருந்தால் போதும், எங்கும் அனுப்ப வேண்டாம்.

ஷெங்கனில் எந்த நாட்டிடம் கேட்பது? கப்பல் அதிக நாள் நிற்கும் நாட்டிடம். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். கப்பல் ஸ்பெயினில் நின்று, மொராக்கோ போய், மறுபடி போர்ச்சுகல் வந்தால் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறித் திரும்ப நுழைகிறீர்கள். ஒருமுறை நுழையும் விசா அங்கே செல்லாது. ‘பலமுறை’ என்று படிவத்தில் குறித்து, ஏன் என்று கடிதத்தில் துறைமுக வரிசையோடு எழுதுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

அடுத்தது காலாவதிக் கணக்கு. ஜப்பானின் ஒருமுறை விசா கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான். கப்பல் நான்காவது மாதம் ஜப்பான் சேர்ந்தால், சென்னையில் வாங்கிக்கொண்டு போன விசா வழியிலேயே முடிந்துவிடும். இப்படி ஏதாவது வந்தால் ஒளிக்காமல் திட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பலமுறை விசா கேட்பதா, அந்தத் துறைமுகத்தில் இறங்காமல் கப்பலிலேயே இருப்பதா என்று ஆறு மாதம் முன்பே முடிவு செய்யலாம்.

நாம் விமானத்தில் இறங்குவதில்லை, கடல் வழியாக வருகிறோம் என்பதையும் ஒவ்வொரு படிவத்திலும் நினைவில் வையுங்கள். ஜப்பானின் இணைய விசா விமானத்தில் வருகிறவர்களுக்கு மட்டும். வியட்நாம் இணைய விசாவில் எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பழக்கத்தில் விமான நிலையத்தைத் தட்டிவிடாமல், கப்பல் நிற்கும் துறைமுகத்தின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். விமான எண் கேட்கும் இடத்தில் கப்பலின் பெயரை எழுதுங்கள்.

உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், எல்லாத் துறைமுகத் தேதியும் போட்ட ஒரு கடிதத்தைத் திட்ட அலுவலகத்திடம் வாங்கி, பத்துப் பிரதி எடுத்து வையுங்கள். ஹோட்டல் முன்பதிவு கேட்கும் இடத்திலெல்லாம் அந்தக் கடிதம்தான் பதில்.

சென்னை விசா மையத்தில் காலை நேரம் கிடைத்தால் பல்லவன் ரயிலை நம்பாதீர்கள். விடிகாலையில் காரைக்குடியில் ஏறினாலும் எழும்பூர் சேர மதியமாகிவிடும். முந்தின இரவு ராமேஸ்வரத்திலிருந்து வரும் வண்டியில் ஏறிவிடுங்கள். எல்லா விசாவும் முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வரும் நாளுக்கும் விமான நாளுக்கும் நடுவில் மூன்று வாரம் இருக்கட்டும்.

6. தடுப்பூசியும் மருந்தும்

கானா, கென்யா போன்ற நாடுகள் வழியில் இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டும். எல்லா மருத்துவமனையிலும் இது கிடையாது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் ஒன்று. முன்பதிவும் அசல் பாஸ்போர்ட்டும் வேண்டும், சான்றில் அந்த எண்ணை எழுதுவார்கள். பாஸ்போர்ட் தூதரகத்தில் இருக்கும் வாரத்தில் நாள் குறித்துவிட்டுத் தவிக்காதீர்கள்.

ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்று செல்லும். அதன் பின் ஆயுளுக்கும் செல்லும். இது உயிருள்ள கிருமியிலிருந்து செய்த தடுப்பூசி. அதே வகையான வேறு ஊசி போட வேண்டியிருந்தால் ஒரே நாளில் போட வேண்டும், அல்லது நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். முட்டை ஒவ்வாதவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நம் ஊரிலிருந்து கிளம்பினவர்தானே என்று நினைக்க வேண்டாம், அந்த நாடுகளைத் தொட்டுவிட்டுச் சான்றில்லாமல் வந்தால் இந்தியாவிலேயே தனிமையில் வைத்துவிடுவார்கள்.

மலேரியா மாத்திரை எது, எப்போது தொடங்குவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். சில மாத்திரைகளை அந்த நாட்டை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும், பாதியில் நிறுத்துவது பலர் செய்யும் பிழை. வழக்கமாகச் சாப்பிடும் மருந்தை அட்டையோடு, சீட்டோடு கொண்டுபோங்கள். சளி மாத்திரையில் ‘சூடோஎஃபெட்ரின்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் அது இருக்கும் மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோவது குற்றம்.

7. போன், ஓடிபி, கார்டு

நடுக்கடலில் ஓடிபி வராது. இதை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. கேபினில் உட்கார்ந்து கல்லூரித் தேர்வுக் கட்டணம் கட்டப் பார்த்து, ஓடிபி வராமல் நான்கு நாள் காத்திருந்தேன். அதற்குள் கடைசித் தேதி போய்விட்டது.

கிளம்பும் முன் வங்கியில் மின்னஞ்சல் ஓடிபி கேட்டு வாங்குங்கள். சிம்மை ஐந்து மாதம் உயிரோடு இருக்கும்படி ரீசார்ஜ் செய்து, துறைமுகத்தில் குறுஞ்செய்தி வர ரோமிங்கைத் திறந்து வையுங்கள். கப்பலில் ஏறியதும் ஏரோபிளேன் மோடு. கப்பலின் சொந்த செல் சிக்னலைப் போன் தானே பிடித்துக்கொண்டால் வரும் பில்லைப் பார்த்து வீட்டில் மயங்கி விழுவார்கள். கட்ட வேண்டிய பில், பாலிசி, தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் ஊரில் ஒருவர் கட்டும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு வங்கியின் இரண்டு கார்டு, வெளிநாட்டுப் பயன்பாடு திறந்தபடி. இரண்டும் ஒரே பர்ஸில் வேண்டாம்.

8. பெட்டி

கேபின் சின்னது, பயணம் முழுக்க அதிலேயே. மடக்கினால் படுக்கைக்கு அடியில் போகும் துணிப்பெட்டி நல்லது.

எக்ஸ்டென்ஷன் போர்டு, தண்ணீர் சுட வைக்கும் ராடு, கெட்டில், அயர்ன் பாக்ஸ் எதுவும் வேண்டாம். பிடுங்கி வைத்துவிடுவார்கள். கப்பலில் தீதான் பெரிய பயம். அதோடு கப்பலின் மின் இணைப்பு வீட்டு இணைப்பு மாதிரி இல்லை, இரண்டு கம்பியிலும் மின்சாரம் இருக்கும். சர்ஜ் புரொடெக்டர் உள்ள போர்டுகள் அதில் சூடேறித் தீப்பிடித்ததுண்டு.

கற்பூரம், ஊதுபத்தி, விளக்கும் கூடாது. மார்கழிப் பிள்ளையார் நோன்பு பயணத்துக்குள் வந்தால் சுடரோடு இழை எடுத்துக்கொள்ள (எரியும் திரியை மாவோடு வாயில் போட்டுக்கொள்ள) முடியாது என்பதை ஆத்தாவிடம் (அம்மாவிடம்) முன்பே சொல்லிவிடுங்கள். எங்கள் ஆயா (பாட்டி), “வந்து எடுத்துக்கிடலாம்த்தா, பிள்ளையார் எங்க போகப் போறாரு” என்று சொல்லிவிட்டார்கள்.

தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை எல்லோரும் கட்டிக் கொடுப்பார்கள். வீட்டில் செய்து டப்பாவில் போட்ட பண்டத்தைச் சில நாட்டுச் சுங்கத்தில் எறிந்துவிடுவார்கள். லேபிள் ஒட்டி மூடிய பொட்டலமாக வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுப் பலகாரத்தை ஏறின முதல் வாரமே புது நண்பர்களோடு தின்று தீர்த்துவிடுங்கள், அறிமுகம் ஆவதற்கும் அது நல்ல வழி. ஊறுகாய் எண்ணெய் கசியும். இட்லிப் பொடி போதும்.

கென்யா வழியில் இருந்தால் பிளாஸ்டிக் கேரி பேக் ஒன்றுகூட எடுத்துப் போகாதீர்கள், 2017 முதல் அங்கே தடை. பெட்டிக்குள் செருப்பு சுற்றிய பைக்கும் அது பொருந்தும். துணிப்பை எடுங்கள். விசேஷ நாள் சாப்பாட்டுக்கு ஒரு கண்டாங்கி அல்லது பட்டு வேட்டி. பரிசு கொடுக்கக் கொட்டான் (ஓலைக் கூடை) நல்லது, கனமே இல்லை. ஆத்தங்குடிக் கல் வேண்டாம், உடையும்.

9. நல்ல நாளும் கிளம்பும் வாரமும்

இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்கில் கிளம்பும் கப்பலுக்கான கடைசிக்கட்ட விசா வேலை ஆடியில் விழும். ஜனவரித் தொடக்கத்தில் கிளம்பும் கப்பல் மார்கழியில் விழும். ஆடி போகட்டும் என்று காத்திருந்து நாள் தவறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆடியில் விழும் விசாவின் படிவத்தை ஆனியிலேயே ஒரு நல்ல நாளில் பிள்ளையார்பட்டியில் வைத்து எடுத்துவிடுங்கள். தொடங்கியாகிவிட்டது, மீதி தொடர்ச்சிதான். மார்கழிப் பயணத்துக்குக் கார்த்திகையில் நாள் பார்த்து, ஒரு பையைப் பெரியப்பச்சி வீட்டில் கொண்டுபோய்ப் பரஸ்தானம் வைத்துவிடலாம், அன்றே பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பெரியவர்கள் மனம் ஆறுதலடையும், உங்கள் தேதியும் தப்பாது.

திருச்சியோ மதுரையோ, காரைக்குடியிலிருந்து இரண்டும் ஏறக்குறைய சம தூரம். கப்பல் புறப்படும் ஊருக்கு இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. விசா, சான்று, கடிதம் எல்லாம் கைப்பையில், பிரதி வேறு பையில்.

10. முதல் மூன்று நாள்

ஏறியதும் பாஸ்போர்ட்டைக் கப்பல் அலுவலகம் வாங்கி வைத்துக்கொள்ளும். பயப்பட வேண்டாம், துறைமுக அதிகாரிகளிடம் மொத்தமாகக் காட்டத்தான். கொடுக்கும் முன் ஒவ்வொரு விசாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

அவசரப் பயிற்சி நடக்கும். ஏழு குறுகிய ஒலி, அப்புறம் ஒரு நீண்ட ஒலி. அதைக் கேட்டால் உயிர்காப்பு அங்கியோடு உங்கள் இடத்துக்குப் போக வேண்டும். உங்கள் கேபினிலிருந்து அந்த இடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகத் தெரியும்வரை இரண்டு மூன்று முறை நடந்து பாருங்கள். புகை வந்தால் கண் தெரியாது.

குமட்டல் பெரும்பாலானவர்களுக்கு வரும். மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் நிற்காது, கப்பல் துறைமுகத்தை விடும் முன்பே போட வேண்டும். மேல்தளத்துக்குப் போய் அடிவானத்தைப் பாருங்கள், படுத்துக்கொண்டு போனைப் பார்ப்பதுதான் மோசம். வெறும் வயிறு கூடாது. ரொட்டி, சுக்குத் தண்ணீர், பச்சை ஆப்பிள் எனக்கு உதவின. மூன்றாம் நாள் காதுக்குள் ஏதோ ஒன்று சமாதானமாகி, நடை தானாக வந்துவிட்டது.

11. வகுப்பும் துறைமுகமும்

கப்பலில் திங்கள், செவ்வாய் கிடையாது. ஏ நாள், பி நாள் என்று மாறி மாறி வரும். ஞாயிற்றுக்கிழமை கடலில் இருந்தால் அன்றும் வகுப்புதான். மேற்கே போகப் போகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், கிழக்கே போனால் முன்னால். வகுப்பைத் தவறவிடும் புது மாணவர்கள் பெரும்பாலும் அந்த இரவுக்கு மறுநாள்தான் தவறவிடுகிறார்கள். அறிவிப்பைக் கேட்டுவிட்டுத் தூங்குங்கள்.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஏதாவது ஒரு துறைமுகத்தில் ஒரு நாள் முழுக்கக் களவகுப்பு உண்டு, அது கட்டாயம், மதிப்பெண்ணும் அதில் உண்டு. ஊர் சுற்ற டிக்கெட் போடும் முன் களவகுப்புத் தேதிகளைச் சிட்டையில் எழுதுங்கள். டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டுத் தேதி மோதி, பணத்தை விட்டவர்கள் என் கப்பலிலேயே பலர்.

கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம், புறப்படும் நேரத்துக்கு முன்னதாகவே இருக்கும். பிந்தினால் அடுத்த துறைமுகத்தில் சில மணி நேரம் இறங்க விடமாட்டார்கள். கடைசி நாளில் வெளியூர் போகாமல் துறைமுக ஊரிலேயே இருங்கள். நான் இறங்கும்போது கையில் எப்போதும் துறைமுகத்தின் பெயரும் வாசல் எண்ணும் அந்த ஊர் மொழியில் எழுதிய சீட்டு இருக்கும், டாக்சிக்காரரிடம் காட்ட.

12. கப்பல் கொச்சிக்கு வந்தால்

சில பயணங்களில் கப்பல் கொச்சியில் நிற்கும். உங்களுக்கு விசா வேண்டாம், ஆனால் இந்தியக் குடிவரவு முத்திரை வாங்கித்தான் இறங்க வேண்டும், ஏறும்போது மறுபடி வெளியேறும் முத்திரை. முதல் நாள் வரிசை நீளமாக இருக்கும், அதனால் வீட்டாரைக் காலையிலேயே வரச் சொல்லாதீர்கள்.

காரைக்குடி வழியாகவே எர்ணாகுளம் போகும் வேளாங்கண்ணி எக்ஸ்பிரஸ் வாரத்தில் சில நாள் ஓடுகிறது. கப்பல் தேதியோடு அது ஒத்துவந்தால் ஆத்தாவும் அப்பச்சியும் அலுங்காமல் வந்துவிடலாம். துறைமுகத்துக்குள் அவர்களை விட மாட்டார்கள். வாசலுக்கு வெளியே ஒரு கடையையோ தேவாலயத்தையோ குறித்து, அங்கே நில்லுங்கள் என்று முன்பே சொல்லி வையுங்கள். எங்கள் ஆத்தா வில்லிங்டன் தீவு வாசலில் தூக்குச்சட்டியோடு இரண்டு மணி நேரம் நின்றார்கள். உள்ளே வெள்ளைப் பணியாரம், ஆறிப்போயிருந்தது. கப்பலுக்குள் கொண்டுபோக முடியாது என்பதால் அங்கேயே மதில் ஓரத்தில் உட்கார்ந்து, என்னோடு இறங்கிய நான்கு பேரும் சேர்ந்து சாப்பிட்டு முடித்தோம்.